முதுகுவலியில் மானம் எங்கே வந்தது?

பாரீசிலிருக்கும் என் பேத்தி, கம்பத்தைப் பிடித்துச் சுழலும் 'போல் டான்ஸ்' பழகுகிறாள். 'மால் ஓ தோ, தாத்தா' என்றாள். முதுகுவலியாம். உறவினர்களோ வைத்தியம் சொல்லவில்லை, ஒழுக்கம் சொன்னார்கள். "பெண்பிள்ளைக்கு ஏன் இந்தக் கூத்து? பேசாமல் படுத்துக் கிட!"

பக்கத்து விழுப்புரத்தில் பிள்ளைகள் மல்லர் கம்பம் ஏறினால் மட்டும் கைதட்டுகிறோமே! அங்கேயும் வளைவதும் தொங்குவதும் முதுகுதானே?

வயிற்றுத் தசை வலுப்படுமுன் முதுகைப் பின்னோக்கி ஓயாமல் வளைத்தால், ஒரே பக்கமாகத் தொங்கினால், யாருக்கும் வலிக்கும். பயிற்சியைக் குறைக்கட்டும், நடமாடட்டும், நாள்கணக்கில் படுத்தால் தசைதான் தளரும். வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் போகட்டும். கால் மரத்தாலோ சிறுநீர் பிரியாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்கு.

நம் மானத்தைப் பிள்ளைகளின் முதுகில் ஏற்றாதீர்கள், ஐயா. அந்தப் பாரம்தான் அதிகம்.