கட்டவிழ்ந்தால் காடா?

"மேலே ஒருவன் கோல் பிடித்து நின்றால்தான் கீழே உள்ளவன் மனிதனாக நடப்பான், கட்டவிழ்த்து விட்டால் ஒரே மாதத்தில் விலங்காவான்!" – இப்படிப் பேசாத மேடையில்லை, எழுதாத ஏடில்லை. அரியணைக்கு அருகே நின்றவர்கள் அன்று பேசினார்கள். ஆசிரியர் ஓய்வறையில் அமர்ந்திருப்போர் இன்று பேசுகிறார்கள். சான்று கேட்டாலோ, நடுக்கடலைக் காட்டுகிறார்கள். கப்பல் உடைந்து, சட்டமும் காவலும் எட்டாத தீவிலே ஒதுங்கியோர் ஒருவரையொருவர் வெட்டி மாய்த்த கதையைச் சொல்லுகிறார்கள்.

நல்லது. அந்தத் தீவுக்கே போவோம், தோழர்களே!

1629-ஆம் ஆண்டு ஜூன் 4. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'பட்டேவியா' என்னும் கப்பல், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் பவளப் பாறையில் மோதிற்று. (நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வாணிபம் நடத்திற்றே, அதே கம்பெனிதான்.) முந்நூறுக்கு மேற்பட்டோர் பயணம் செய்த கப்பல் அது. தப்பியோரிற் பெரும்பாலோர் மரமில்லாத, ஊற்றில்லாத சிறு திட்டு ஒன்றில் ஒதுங்கினர். தலைவன் பெல்சார்ட் படகேறி, உதவி தேடி ஜாவா நோக்கிப் போய்விட்டான். மூன்று மாதங்கள் கழித்து அவன் திரும்புவதற்குள் ஆணும் பெண்ணும் குழந்தையுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தனர்.

"பார்த்தீர்களா!" என்பர் கோல் பிடிப்போர். பார்த்தோம். அவர்கள் பாராததையும் பார்த்தோம்.

கொலைக்குத் தலைமை தாங்கியவன் யார்? கட்டவிழ்ந்த கடைக்கோடி மாலுமியா? அல்லன். யெரோனிமஸ் கார்னெலிஸ் என்பவன். ஆர்லெம் நகரத்தில் மருந்துக்கடை நடத்திய படிப்பாளி. கம்பெனியின் துணை வணிக அதிகாரி. அந்தத் திட்டிலே பதவியால் உயர்ந்தவன் அவனே. அதனாலேயே, கேள்வி கேளாமல் அவனைத் தலைவனாக ஏற்றார்கள். அவன் முதலிற் செய்தது என்ன? உணவையும் ஆயுதங்களையும் படகுகளையும் தன் பொறுப்பில் சேர்த்தான். அங்கிருந்த ஆலோசனைக் குழுவைக் கலைத்துத் தன் ஆட்களை அமர்த்தினான். தன்னைப் பின்பற்றுவோரிடம் கையெழுத்திட்ட உறுதிமொழி வாங்கினான். பெல்சார்ட்டின் சரிகை உடைகளை எடுத்து அணிந்துகொண்டு, தலைமைத் தளபதி என்று பட்டமும் சூட்டிக்கொண்டான். இதுவா ஆட்சியற்ற நிலை? ஆணையும் பட்டமும் பணிந்து நிற்கும் கூட்டமுமாக, ஓர் அரசாங்கமே அங்கு நடந்தது! அவன் சொற்படி கொன்றவர்களிற் சிலர் வாலிபர்கள். மறுத்தால் அடுத்த பலி தாமே என்று அஞ்சியவர்கள். கட்டு அவிழ்ந்ததால் அல்ல, கட்டு இறுகியதால் கை நடுங்கியவர்கள்.

இன்னும் கேளுங்கள். கார்னெலிஸ், தனக்கு இடையூறாவர் என்று எண்ணிய போர்வீரர்களை ஆயுதமின்றி வேறொரு தீவிற்கு அனுப்பினான். தண்ணீர் தேடுங்கள் என்று சொல்லி அனுப்பினான். தாகத்தால் சாவார்கள் என்று எண்ணி அனுப்பினான். வீபே ஹேயஸ் என்னும் சாதாரணச் சிப்பாய் அவர்களுக்கு முன்னின்றான். அவர்கள் தண்ணீரைக் கண்டனர். நண்பர்களுக்குத் தெரிவிக்கப் புகை எழுப்பினர். கொலைத் திட்டிலிருந்து தப்பி வந்தோரைச் சேர்த்துக்கொண்டனர். கல்லை அடுக்கி அரண் செய்து, பீப்பாய் வளையத்தையும் ஆணியையும் ஆயுதமாக்கித் தாக்கவந்தோரை விரட்டினர், கார்னெலிஸையே சிறைபிடித்தனர். ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே மூன்று மாதம்! சமுதாயத்தை விட்டுப் பிரிந்தால் விலங்காவது இயற்கையென்றால், அந்தச் சிப்பாய்கள் ஏன் விலங்காகவில்லை?

அது தற்செயல் என்பாரும் உளர். அவர்களுக்கு ஆக்லாந்துத் தீவைக் காட்டுகிறோம். நியூசிலாந்துக்குத் தெற்கே, குளிரும் சூறையும் ஓயாத தீவு. 1864-இல் இரு கப்பல்கள், ஒன்றையொன்று அறியாமல், அதன் இரு பக்கங்களில் உடைந்தன. 'இன்வர்கால்டு' கப்பலிலிருந்து கரை ஏறியோர் 19 பேர். அங்கே பதவி வரிசை அப்படியே இருந்தது; வழிகாட்டுதல் மட்டும் இல்லை. கூட்டம் சிதறிற்று. நடக்க முடியாதவர்கள் விடப்பட்டனர். ஓராண்டு கழித்து மீட்கப்பட்டவர் 3 பேர்.

'கிராஃப்டன்' கப்பலிலிருந்து இறங்கியோர் ஐவர், ஐவரும் பிழைத்தனர். உடைந்த கப்பலின் பலகையும் கருவியும் அவர்களுக்குக் கிடைத்தன, மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பலகை பள்ளிக்கூடம் நடத்துமா? இந்த ஐவரும் மாலைதோறும் நடத்தினர்! எழுத்தறிந்தவர் அறியாதவர்க்குக் கற்பித்தார். ஒருவர் மொழியை மற்றவர் பயின்றார். தலைவனை வாக்களித்துத் தேர்ந்தனர். கப்பலின் தலைவர் மஸ்கிரேவையே தேர்ந்தனர். ஆயினும், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் அவரை நீக்க உரிமை உண்டு என்று விதியும் எழுதினர். எங்கே எழுதினர் தெரியுமா? விவிலிய நூலின் வெற்றுத் தாளில்! ஞாயிறுதோறும் அவ்விதியைப் படித்தனர். ரேனால் என்ற பிரெஞ்சுக்காரர் பொழுதுபோக்கச் சீட்டுக்கட்டு ஒன்று செய்தார். தோற்றால் தலைவருக்குக் கோபம் வருகிறது என்று கண்டு, அதை அவரே நெருப்பிலிட்டார். அடக்க ஆளில்லாத தீவிலே, அமைதி காக்கும் வழியைத் தாமே கண்டவர்கள் இவர்கள்.

வில்லியம் கோல்டிங் என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர், தீவில் தனித்துவிடப்பட்ட சிறுவர்கள் கொலைகாரராவதாக 1954-இல் ஒரு புதினம் எழுதினார். உலகம் அதைப் போற்றிற்று. 1983-இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. எழுத்தாற்றலை நாமும் மதிக்கிறோம். ஆனால் அது கற்பனை. 1965-இல் டோங்கா நாட்டுப் பள்ளிச் சிறுவர் அறுவர், படகு சிதைந்து 'ஆட்டா' என்னும் ஆளற்ற தீவிலே ஒதுங்கியது நடந்த செய்தி. பதினைந்து மாதங்கள்! தீ அணையாமல் முறைவைத்துக் காத்தனர். குடைந்த மரத்தில் மழைநீர் சேர்த்தனர். சண்டையிட்டவர்கள் சினம் தணியும்வரை விலகி இருந்தனர். ஒருவனுக்குக் கால் முறிந்தபோது மற்றவர் கட்டுப்போட்டு, அவன் வேலையையும் தாமே செய்தனர். 1966-இல் மீட்கப்பட்டபோது அறுவரும் நலமாயிருந்தனர். கற்பனையைக் கல்லூரியில் பாடமாக வைத்தவர்கள், நடந்ததைச் சொல்ல ஏன் மறந்தார்கள்?

பள்ளியில் பழகிய ஒழுங்கு அவர்களைக் காத்தது என்பீர்களானால், ஆம் என்போம். பக்கத்திலிருப்பவனோடு பகிர்ந்து வாழப் பழகியவன் அதைத் தீவிற்கும் கொண்டுபோகிறான். கும்பிட்டு நிற்கப் பழகியவன் கார்னெலிஸ் எதிர்ப்பட்டாலும் கும்பிடுகிறான். நம் வகுப்பறைகள் இவ்விரண்டில் எதைப் பழக்குகின்றன? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பிரம்படியைத் தடைசெய்தது. "பிரம்பு போனால் வகுப்பு காடாகும்" என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. அப்படிப் பேசும் தலைமையாசிரியர்களை நாம் கேட்பது ஒன்றுதான். மாணவர் தலைவனை இவ்வாண்டு நீங்கள் நியமிக்காதீர்கள், மாணவர்கள் வாக்களிக்கட்டும். தவறினால் அவனை நீக்கும் விதியையும் அவர்களே எழுதி, வகுப்புச் சுவரில் ஒட்டட்டும்.