டி.எஸ்.எச். நம்பரும் சோம்பேறிப் பட்டமும்

மழை, விதை, வெள்ளாமை விலைன்னு எழுதிட்டு இருக்கிறவன் இன்னிக்கு தைராய்டு பத்தி எழுதறேன். காரணம் இருக்கு. எங்க பக்கத்துல பொம்பளைங்களுக்கு ‘சோம்பேறி’ங்கிற பட்டம் ரொம்ப சுலபமா கிடைச்சிடுது. அதுல சில பேருக்கு இருக்கிறது சோம்பேறித்தனமே இல்ல. கழுத்துல இருக்கிற ஒரு சுரப்பி மந்தமாயிட்டது, அவ்வளவுதான்.

எங்க மதினி பருத்தி எடுத்தா பக்கத்து நிரைக்காரங்க எட்டிப் பிடிக்க முடியாது. அவங்க கொஞ்சம் கொஞ்சமா மாறிப்போனாங்க. சித்திரை மாசத்துலயும் ராத்திரி போர்வை கேட்டாங்க. முகம் உப்புச்சு, குரல் கரகரத்துச்சு, மலச்சிக்கல், முடி கொட்டல், சாப்பாடு குறைஞ்சும் எடை கூடிக்கிட்டே போச்சு. வீட்ல ‘உடம்பு வணங்கல’ன்னு பேச்சு. மந்திரிச்சு கயிறும் கட்டியாச்சு. கடைசியில டவுன்ல ஒரு டாக்டரம்மா நாடி பிடிச்சுப் பார்த்துட்டு ரத்தம் டெஸ்ட் எழுதிக் கொடுத்தாங்க. டி.எஸ்.எச். 38. ஃப்ரீ டி4 அளவுக்குக் கீழ.

இந்த ரிப்போர்ட்டைப் பார்த்தா எல்லாரும் குழம்பறாங்க. டி.எஸ்.எச். அதிகம்னா தைராய்டு அதிகமா வேலை செய்யுதுன்னு நினைக்கிறாங்க. அது தலைகீழ். மூளைக்குக் கீழ இருக்கிற பிட்யூட்டரிதான் கங்காணி, தைராய்டு கூலியாள். ஆள் மந்தமா வேலை செஞ்சா கங்காணி சத்தம் கூடும். அந்தச் சத்தம்தான் டி.எஸ்.எச். ஆள் உண்மையில செஞ்சு முடிச்ச வேலை டி4. சத்தம் அதிகம், வேலை குறைவுன்னா தைராய்டு குறைபாடு உறுதி.

சாதாரணமா டி.எஸ்.எச். 0.4-லேர்ந்து 4, 4.5 வரைன்னு போட்டிருப்பாங்க. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். உங்க ஊர்ல பேக்கேஜ் டெஸ்ட் எடுத்துட்டு 5.8-ன்னு வந்ததும் பதறி நெட்ல தேடறவங்களைப் பத்தியும் கேள்விப்படறேன். டி4 சரியா இருந்து டி.எஸ்.எச். மட்டும் லேசா ஏறியிருந்தா, பல நேரம் ரெண்டு மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்பாங்க. சில பேருக்கு தானா இறங்கிடும். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடறவங்க அதை டாக்டர்கிட்ட சொல்லணும்; ரிசல்ட்டையே அது மாத்திக் காட்டும். ஆனா கர்ப்பமா இருக்கிறவங்க காத்திருக்கக் கூடாது. முதல் மாசங்கள்ல குழந்தையோட மூளை வளர்ச்சி அம்மாவோட தைராய்டை நம்பித்தான் இருக்கு.

என் கருத்து இதுதான்: நகரத்துல நம்பரைப் பார்க்கிறாங்க, ஆளைப் பார்க்கிறதில்ல. கிராமத்துல ஆளைப் பார்த்துத் திட்டறாங்க, நம்பரைப் பார்க்கிறதில்ல. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் வைத்தியம். அசதின்னாலே தைராய்டுன்னும் முடிவு பண்ண முடியாது. ரத்தசோகையா இருக்கலாம், சர்க்கரையா இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். மாமியாரோ புருஷனோ இல்ல.

மாத்திரை விலை அதிகமில்ல. காலையில வெறும் வயித்துல தண்ணியோட போட்டு, அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் காபி, டீ கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேணும். ஆறிலேர்ந்து எட்டு வாரத்துல மறுபடி டெஸ்ட் எடுத்து அளவைச் சரி பண்ணுவாங்க. நம்பர் சரியாச்சுன்னு நாமளா நிறுத்தக் கூடாது. மாத்திரை வேலை செய்யறதாலதான் நம்பர் சரியா இருக்கு.

மதினி இப்ப காட்டுக்கு வர்றாங்க. பழைய வேகம் முழுசா திரும்பல. ஆனா ‘வணங்கல’ன்னு சொன்ன வாய் ஒண்ணுகூட அவங்ககிட்ட மன்னிப்பு கேக்கல. அதுதான் எனக்கு ஆத்தாமை.

ஊர்ல இருக்கிற உங்க அம்மாவுக்கு, அக்காவுக்குப் போன் போடும்போது ‘சாப்டியா’ன்னு கேக்கறதோட விட்டுடாதீங்க. குளிருதா, குரல் மாறிடுச்சா, முன்ன மாதிரி நடக்க முடியுதான்னும் கேளுங்க. பதில் இழுத்தா, அடுத்த தடவை வரும்போது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.