செத்த மாவு எங்களுக்கு எதுக்கு?

கரிசல்காட்டுப் பருத்தி விவசாயிகளே!

சப்பையும் பூவுமாய் நிற்கிற நேரத்தில் செடி வாடுது. அடி இலை மஞ்சளாகித் தொங்குது. தண்டைக் கீறிப் பாருங்க, உள்ளே கறுப்புக் கோடு ஓடும். மண்ணில் கிடந்த பூஞ்சாணம் வேர் வழியாக ஏறி, சாறு போகிற குழாயை அடைத்துவிட்டது. அதற்கப்புறம் இலையில் எதை அடித்தாலும் மருந்துக்கடைக்குத்தான் லாபம். அடுத்த வருஷம் பருத்தி போடாவிட்டாலும் பூஞ்சாணம் மண்ணை விட்டுப் போகாது.

வழி இல்லாமலா போச்சு? சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாவை வேளாண்மைப் பல்கலைக்கழகமே சிபாரிசு செய்கிறது. விதை கிலோவுக்கு 10 கிராம். ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து நிலத்திலும் போடலாம். இது வேரைச் சுற்றி முதலில் குடியேறும். பூஞ்சாணத்துக்கு வேண்டிய இரும்புச் சத்தைப் பறிக்கும், அதை ஒடுக்கும் பொருளைச் சுரக்கும், செடியின் எதிர்ப்புச் சக்தியையும் தூண்டும். நோயை அடியோடு ஒழிக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. குறைக்கும். அதுவும் விதைக்கும்போதே போட்டால்தான்.

"போட்டோம், ஒண்ணும் கேட்கலையே" என்கிறீர்களா? நியாயமான கேள்வி. பாக்டீரியா உயிருள்ள சரக்கு. ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிரணு இருக்கணும் என்பது பதிவு விதி. தகரக் கொட்டகையில் வெயிலில் மாசக்கணக்கில் வெந்த பாக்கெட்டில் என்ன மிஞ்சும்? வெறும் டால்க் மாவு! விதைப்பு முடிந்த பிறகு வருகிற பாக்கெட்டும் அதே கதைதான். மானியத்தில் கொடுத்தோம் என்று கணக்கு எழுதிக்கொள்ளலாம், காட்டுக்கு என்ன பிரயோஜனம்?

இன்னொன்று. காய்ச்சலுக்குப் பிறகு பெருமழை பெய்து ஒண்ணு ரெண்டு நாளில் செடி துவண்டால் அது பெரும்பாலும் பூஞ்சாண நோயே இல்லை. அதுக்கும் இந்தப் பொடியை விற்கிறவனை நம்பாதீங்க. தாமிர மருந்தோடு இதைக் கலக்கவும் கூடாது, பாக்டீரியா செத்துப்போகும்.

நாம் கேட்பது இலவசம் அல்ல. புரட்டாசி விதைப்புக்கு முன்னாலேயே ஒவ்வொரு வேளாண்மை விரிவாக்க மையத்திலும் புதுச் சரக்கு இருக்கணும். வெயில் படாத அறையில் வைக்கணும். லாட்டுக்கு லாட்டு மாதிரி எடுத்து உயிரணுவை எண்ணி, முடிவை மையத்தின் பலகையில் ஒட்டணும். காலாவதியான பாக்கெட்டைத் தள்ளிவிட்டவர்களிடம் பணத்தைத் திருப்பி வாங்கித் தரணும்.

பாக்கெட்டையும் ரசீதையும் தூக்கி எறியாதீங்க. தேதியைப் பார்த்து, சங்கக் கிளையில் பதிவு செய்யுங்க. ஆவணி முடியுமுன் அத்தனையையும் கட்டி எடுத்துக்கொண்டு விரிவாக்க மையத்து வாசலில் கூடுவோம், வாங்க!