ஏற்றமும் இறக்கமும்

அந்தி வேளையில் உட்துறைமுக வீதியிலே நம் இளைஞர் சிலர் மோட்டார் சைக்கிளின் முன்சில்லை உயர்த்தி ஓடக் காண்கின்றோம். வித்தையை நாம் இகழோம்; வழிச்செல்வோர் உயிரையும் பணயம் வைத்துப் பழகுவதையே கடிகின்றோம்.

சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்தருகே, 2023 செப்ரெம்பர் 17இல் இவ்வாறு முயன்ற டி.டி.எஃப். வாசன் வீழ்ந்து கை முறிந்தார். அவருடைய சாரதி உரிமமும் 10 ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது. அதே நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையிலே, 1990 முதல் மூடிய பந்தயத்திடல் உண்டு. திடல் இருந்தும் வீதியே பயிற்சிக்களமாயிற்று.

வலக்கைப் பிடியின் முறுக்கு சில்லை உயர்த்தும். வலக்காலின் கீழுள்ள பின்பிரேக்கே அதனைத் தாழ்த்தும். இறக்கக் கற்ற பின்னரே ஏற்றக் கற்றல் வேண்டும்.

பழைய மாணவர்களே! கண்டனத்தோடு அமையற்க. இங்கும் மூடிய திடலொன்றும் தேர்ந்த ஆசானும் தேடித் தருவீராயின், அதுவே இவ்விழாவின் நற்பயன்.