எந்தக் கேள்விக்கு எந்த ஆராய்ச்சி?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பொது சுகாதாரம் படிக்கும் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: "சார், நோய்களைப் பற்றிய ஆராய்ச்சி முறைகளில் எது உசத்தி?" நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவன், டாக்டர் அல்ல. ஆனாலும் என் கருத்து இதுதான்: கேள்வியைப் பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் சென்னையில் நடந்ததையே சொல்கிறேன். 1956-ஆம் வருஷம். காசநோய் என்றால் சானடோரியத்தில் சேர்த்து ஓய்வும் சத்தான சாப்பாடும் கொடுக்க வேண்டும் என்றிருந்த காலம். ஆனால் படுக்கைகள் போதவில்லை. வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் குணமாகுமா? ஏற்கெனவே சானடோரியத்தில் இருந்தவர்களையும் வீட்டில் இருந்தவர்களையும் சும்மா ஒப்பிட்டிருந்தால் விடை தப்பாகியிருக்கும். யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்கு நோய் முற்றியிருந்தது என்பதெல்லாம் குறுக்கே வரும். அதனால் 193 நோயாளிகளைக் குலுக்கல் மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-இல் முடிவு வெளிவந்தது. நெருக்கடியான வீடு, அரைகுறைச் சாப்பாடு, இருந்தும் வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. வீட்டிலேயே சிகிச்சை என்ற வழி உலகத்துக்கே திறந்தது இப்படித்தான்.

அதே குலுக்கலைச் சிகரெட்டுக்குப் போட முடியுமா? "நீ 20 வருஷம் பிடி, நீ பிடிக்காதே" என்று யாரிடம் சொல்வது! டாலும் ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களிடமும் வராதவர்களிடமும் பழைய பழக்கத்தை விசாரித்து, 1950-இல் எழுதினார்கள். நோய் வந்தவர் பழையதைக் கூட்டிச் சொல்லலாமே? அதனால் 1951-இல் பிரிட்டிஷ் டாக்டர்கள் சுமார் 40,000 பேரிடம் முதலிலேயே பழக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு யாருக்கு என்ன ஆகிறது என்று பல வருஷம் பின்தொடர்ந்தார்கள். அவசரப்படாத மனுஷர்கள்.

இப்போது நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வருவோம். "கஷாயம் குடித்த 50 பேருக்கும் சர்க்கரை குறைந்தது, ஆராய்ச்சியில் நிரூபணம்" என்று ஒன்று சுற்றுகிறது. குடிக்காத 50 பேர் எங்கே? கஷாயம் குடிக்கத் தொடங்கியவர் இனிப்பையும் குறைத்திருப்பார், காலையில் நடக்கவும் போயிருப்பார். எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது? இதை நம்பி நம் மச்சான் மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறதாம்.

மச்சான், கோபப்படாதீங்க. நாளைக் காலையே டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம். தனியாகப் போகப் பிடிக்காவிட்டால் ஏழு மணிக்கு நான் வாசலில் வந்து நிற்கிறேன்.