தூண் சொல்லாத கதை

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பிரெடெரிக் கோட்டையினுள், சுவாமிமலையில் ஒரு கற்றூண் நிற்கிறது. பிரான்சினா வான் ரீட் என்னும் ஒல்லாந்தப் பிரபுகுலப் பெண்ணின் பெயரும், 1687 ஏப்ரல் 24 என்ற நாளும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. காதலன் கப்பலேறிச் செல்லக் கண்டு மனமுடைந்த அவள் மலைமுனையிலிருந்து கடலிற் பாய்ந்து மாண்டாள் என்பர்.

இக்கதைக்குச் சான்று யாது? கல்வெட்டு அவள் நினைவாகத் தூண் நாட்டப்பட்டதை மட்டுமே கூறுகிறது. காதலையோ சாவையோ கூறவில்லை. அவள் அதன் பின்னரும் உயிரோடிருந்து மணவாழ்வு கண்டாள் என்பதே ஆவணங்கள் காட்டும் உண்மை. ஒல்லாந்தக் கும்பனியின் ஆணையாளரும், மலையாள நாட்டுத் தாவரங்கள் பற்றிய 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் 12 தொகுதி நூலைத் தந்தவருமான ஹென்றிக் வான் ரீட்டின் மகளாக வளர்ந்தவள் அவள். வாழ்ந்த பெண்ணைக் கதை கொன்றுவிட்டது.

உயர்குலப் பெண்ணைச் சூழ்ச்சிக்காரியாகவோ கைவிடப்பட்ட காதலியாகவோ காண்பது உலகெங்கும் உள்ள வழக்கம். பிரான்சிய அரசி மரி அந்துவானெத், 1785இல் வெளிப்பட்ட வைரமாலை மோசடியிற் பங்கற்றவள்; எனினும் பழி அவளையே சூழ்ந்தது. அரண்மனை வம்பு அவளைச் சூழ்ச்சிக்காரியாக்கியது. துறைமுகக் கதை பிரான்சினாவைத் தற்கொலையாளியாக்கியது. இரண்டிலும் பெண்ணின் உண்மை வாழ்வே மறைந்தது.

கதை மறைக்கும் பிறிதொன்றும் உண்டு. அத்தூண் பழைய கோணேசர் ஆலயத்துக்குரியது என்பர். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1620களில் அவ்வாலயத்தை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினான். 1950இல் ஆலயத்தின் செப்புத் திருமேனிகள் சில மண்ணிலிருந்து வெளிப்பட்டன. 1963இல் புதிய ஆலயம் குடமுழுக்குக் கண்டது. இத்துணை வரலாறு சூழ்ந்த இடத்தில், நிகழாத ஒரு பாய்ச்சலுக்கே மக்கள் இரங்கி நிற்கின்றனர்.

ஐதீகமும் இலக்கியச் செல்வமே, அதனைக் குலைப்பது வறட்டுத்தனம் என்பார் உளர். ஐதீகம் ஐதீகமாக வழங்குமாயின் எவர்க்கும் தடையில்லை. அது வரலாற்றின் ஆசனத்தில் அமரும்போதே எதிர்ப்பு எழுகிறது. திருகோணமலை வரலாற்றை எழுதப் புகுவோர் பிரான்சினாவுக்கு அவளது வாழ்வையும், தூணுக்கு அதன் ஆலயத்தையும் மீட்டளிப்பாராக.