கைக்கணினிக்கு ஒரு நாணயமான மளிகைக் கடை

மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் வீட்டுக்கு மாதச் சாமான் வாங்கும் கடை இருக்கிறது. அண்ணாச்சி துவரம் பருப்பைத் தராசில் நிறுத்து, பழைய செய்தித்தாளில் கொட்டி, பொட்டலமாக மடித்து, மேலே தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்துச் சுற்றித் தருவார். எத்தனை கிராம் என்பது நம் கண்ணெதிரே தெரியும். பருப்பு வேகவில்லை என்றால் மறுநாள் திருப்பிக் கொடுக்கலாம். முகத்தைச் சுளித்துக்கொண்டாவது மாற்றித் தருவார். ஆனால் எந்த நாளிலும் அவர் நள்ளிரவில் நம் சமையலறைக்குள் புகுந்து, டப்பாவிலிருந்த பழைய பருப்பைக் கொட்டிவிட்டுத் தாம் விரும்பிய புதுப் பருப்பை நிரப்பிவிட்டுப் போனதில்லை.

நண்பர்களே, நம் சட்டைப் பையில் இருக்கும் கருவியில் இது அன்றாடம் நடக்கிறது. கைபேசி என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அது பேசுவதற்கும் பயன்படும் ஒரு கைக்கணினிதான். அதில் ஓடும் செயலி ஒவ்வொன்றும் ஒரு பொதியாக, அதாவது பொட்டலமாக, வந்து இறங்குகிறது. அதைக் கொண்டுவருவது, பிரிப்பது, நிறுவுவது, புதுப்பிப்பது, வேண்டாதபோது அகற்றுவது ஆகிய வேலைகளைச் செய்யும் மென்பொருளுக்குப் பொதி மேலாளர் என்று பெயர். கைபேசியில் அது ஒரு கடையின் உருவில் அமர்ந்திருக்கிறது. அந்தக் கடைக்காரர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதே என் கேள்வி. கருவியை வாங்கி வைத்திருப்பவருக்குத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகம் படித்து வந்ததன்று. கடந்த பருவத்தில் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள். அடையாறு பணிமனை நிறுத்தத்தில் 29சி பேருந்துக்காக நின்றபடியே கட்டணத்தைச் செலுத்தினேன். பணம் போய்விட்டது, ரசீது இறங்கவில்லை. காரணம், கைபேசியில் இடமில்லை! முந்தின நாள் மாலை ஓரளவு இடம் இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரவில் வீட்டு வை-ஃபையில் நான்கைந்து செயலிகள் தாமாகவே புதுப்பித்துக்கொண்டு பருத்துப்போயிருந்தன. அவற்றுள் ஒன்றை நான் திறந்தே மூன்று மாதமாகிறது. வேறு வழியின்றி, பேராசிரியர் கரும்பலகையில் எழுதியதைப் படமெடுத்து வைத்திருந்த ஒரு பருவத்துக் குறிப்புகளை அந்த நிறுத்தத்திலேயே அழித்தேன். ரசீது கிடைத்தது. குறிப்புகளுக்கு இன்னமும் நண்பர்களிடம் கையேந்திக்கொண்டிருக்கிறேன்.

தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கிறது. ஆனால் நிறுத்தினால் பாதுகாப்புத் திருத்தமும் சேர்ந்து நின்றுவிடுகிறது. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்பது ஒரு தேர்வாகுமா?

இதற்கு மாறான ஒழுக்கத்தை நான் கண்டது ஒரு பழைய மடிக்கணினியில். 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், நம் கல்லூரியைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரியில் படித்த என் சித்திக்குக் கிடைத்தது அது. அதில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் இயங்குதளமும் இருந்தது. சீ-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007இல் வெளியிட்டது. அடித்தளம், 1993இல் தொடங்கிய டெபியன். பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை. நான் விளையாட்டாகத் திறந்து ஒரு மென்பொருளை நிறுவச் சொன்னேன். உடனே வேலையில் இறங்காமல் அது முதலில் ஒரு பட்டியல் போட்டது. இது ஓட இன்னின்ன துணைப் பொதிகள் தேவை, இத்தனை மெகாபைட் இறக்க வேண்டும், முடிந்தபின் வட்டில் இத்தனை மெகாபைட் கூடுதலாகப் பிடிக்கும், தொடரலாமா, வேண்டாமா? அண்ணாச்சியின் தராசுதான்! நம் கைபேசிக் கடையோ இறக்கும் அளவை மட்டும் ஓரத்தில் காட்டுகிறது. பிரித்து விரித்தபின் எவ்வளவு பிடிக்கும், பத்து நாள் ஓடினால் எவ்வளவு சேர்த்து வைக்கும் என்பதைப் பொட்டலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் அறிகிறோம். டெபியனில் குறிப்பிட்ட ஒரு பொதியை மட்டும் ‘இந்தப் பதிப்பிலேயே நில்’ என்று பிடித்து வைக்கவும் முடியும். மற்றவை வழக்கம்போல் திருத்தம் பெறும்.

ஆகவே என் முதல் வேண்டுகோள், முன்கூட்டியே சொல்லும் தராசு. இரண்டாவது, திரும்பிப் போகும் வழி. குறிப்புகளைப் படமெடுத்து ஒரே கோப்பாகத் தொகுக்கும் செயலி ஒன்றை நம்மில் பலர் வைத்திருந்தோம். ஒரு நாள் புதுப்பித்தபின், நேற்றுவரை இலவசமாகச் செய்த அதே வேலைக்கு மாதக் கட்டணம் கேட்டது. நேற்றைய பதிப்பு எங்கே? கடையில் இல்லை. எங்கிருந்தாவது தேடி எடுத்தாலும், ஆண்ட்ராய்டு சாதாரணமாகப் புதியதன் மேல் பழையதை ஏற்காது. முதலில் செயலியை அகற்ற வேண்டும். அகற்றினால் அதற்குள் சேர்த்த குறிப்புகளும் போகும். பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை இருக்கலாம் என்பதால்தான் இந்தத் தடை என்பதை நான் மறுக்கவில்லை. ஓட்டை இருந்தால் இருக்கிறது என்று சொல்லட்டும். வங்கிச் செயலிக்கு வேண்டுமானால் திரும்பும் வழியை அடைக்கட்டும். அகராதிக்கும் குறிப்பேட்டுக்கும் எதற்கு அந்தக் கெடுபிடி? கடைசி இரண்டு பதிப்புகளை, சேர்த்த தரவோடு, ஒரு மாதம் வைத்திருந்து கேட்டால் திருப்பித் தரும் பொதி மேலாளர் வேண்டும். இது நடக்காத காரியமன்று. 2010இல் தொடங்கிய எஃப்-டிராய்ட் என்னும் கட்டற்ற செயலிக் களஞ்சியத்தில் பழைய பதிப்புகளையும் வரிசைப்படுத்திக் காட்டுகிறார்கள். ஒரு செயலி விளம்பரம் காட்டுமா, பின்தொடர்ந்து வேவு பார்க்குமா என்பதையும் ‘விரும்பத்தகாத அம்சம்’ என்று அதன் பக்கத்திலேயே எழுதி வைக்கிறார்கள். தன் சரக்கில் உள்ள புழுவைத் தானே காட்டும் கடைக்காரர்!

அடுத்தது ஒரே கைபேசியைப் பலர் பகிரும் வீடுகள். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் வேலைக்குப் போகும் தாய் இரவில் வீடு திரும்பியதும், அவருடைய கைபேசி பிள்ளைகளின் கைக்கு மாறுகிறது. பள்ளிப் பாடமும் அதில்தான், விளையாட்டும் அதில்தான், அம்மாவின் சம்பளப் பணமும் அதில்தான். தம்பி இறக்கிய விளையாட்டு, அம்மாவின் தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி கேட்கிறது. அவன் ‘சரி’ என்று அமுக்குகிறான். இந்த நிலையை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே நினைத்துப் பார்த்தவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து 2001 ஏப்ரலில் ‘சிம்ப்யூட்டர்’ என்னும் கைக்கணினியை வெளிக்காட்டினார்கள். லினக்ஸில் இயங்கிய கருவி அது. ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு சில்லு அட்டை என்பது அவர்கள் திட்டம். அட்டையைச் செருகினால் அது உங்கள் கருவி, எடுத்தால் அடுத்தவர் கருவி. 2004இல் ‘அமிடா’ என்ற பெயரில் சந்தைக்கு வந்த வடிவம் சில ஆயிரம்தான் விற்றது. கருவி தோற்றது; கருத்து தோற்கவில்லை. ஆண்ட்ராய்டிலும் ஒரே கைபேசியில் பலருக்குத் தனித்தனிக் கணக்கு வைக்கும் வழி 2014 முதல் உண்டு. ஆனால் பல தயாரிப்பாளர்கள் தங்கள் கைபேசிகளில் அதை மூடி வைத்திருக்கிறார்கள். செயலியை யார் இறக்கினார்களோ அவர்களோடு அதன் அனுமதிகளும் நிற்க வேண்டும் என்பதைப் பொதி மேலாளரே காவல் காக்க வேண்டும்.

தொடர்பு எண்களில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், கடன் செயலிகளிடம் சிக்கிய குடும்பங்களைக் கேட்கட்டும். தவணை தவறியதும் கடன் வாங்கியவரின் மாமன், மச்சான், மேலதிகாரி என்று எல்லோருக்கும் வசைச் செய்தி போனது அந்த எண்களைக் கொண்டுதான். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரத்தையும் தொடக் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. அதற்கு முன் எத்தனை பேர் பொருள் புரிந்து ‘அனுமதி’ கொடுத்திருப்பார்கள்? ‘தொடர்புகளை அணுக அனுமதிக்கவா?’ என்று தமிழில் கேட்கிறதாம்! ‘தொடர்பு’ என்ற சொல்லுக்கு எங்கள் பாட்டி கொள்ளும் பொருளே வேறு. ‘நீங்கள் சேமித்து வைத்த எல்லோருடைய பெயரையும் எண்ணையும் இந்தச் செயலி படித்துக்கொள்ளலாமா?’ என்று கேட்டால் அவர் இல்லை என்று சொல்லத் தெரிந்தவர். தமிழ்த்துறைப் பேராசிரியப் பெருமக்கள் இதில் கை வைத்தால் புண்ணியமுண்டு.

இனி ஒற்றைக் கடையைப் பற்றி. 2024 மார்ச் 1ஆம் தேதி, கட்டணம் செலுத்தவில்லை என்று கூறி, பத்து இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கத் தொடங்கியது. அவற்றுள், இதோ அடையாற்றுக்கு அக்கரையில் எம்.ஆர்.சி. நகரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் பாரத் மேட்ரிமோனியும் ஒன்று. மத்திய அரசு தலையிட்ட பின் சில நாட்களில் செயலிகள் திரும்பின. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது என் கவலையன்று. வரன் தேடும் பெற்றோரும் செயலியை வைத்திருக்கும் நிறுவனமும் சென்னையில் இருக்க, இருவருக்கும் நடுவே உள்ள கதவின் சாவி கடல் கடந்து ஓரிடத்தில் மட்டும் இருந்ததே, அதுதான் கவலை. மாற்று முயற்சிகள் இல்லாமலில்லை. 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்த நிறுவனம் ஒன்று ‘பார்ஓஎஸ்’ என்னும் இயங்குதளத்தை அறிமுகப்படுத்தியது. கேட்காத செயலி எதுவும் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்காது என்பதை நான் இரு கை தட்டி வரவேற்கிறேன். ஆனால் அதன் தனியார் கடைகள் அந்தந்த நிறுவனத்தின் தேவைக்கென்று அமைந்தவை. உங்களுக்கும் எனக்கும் என்று நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. 2024 பிப்ரவரியில் போன்பே தொடங்கிய இண்டஸ் கடை தமிழிலும் பேசுகிறது. மகிழ்ச்சிதான், அதுவும் ஒரு முதலாளியின் கடையே.

இதற்கிடையே 2025 ஆகஸ்டில் கூகுள் இன்னோர் அறிவிப்பு செய்தது. தன்னிடம் அடையாளம் காட்டிப் பதிவு செய்த நிரலர்களின் செயலிகளை மட்டுமே, சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவ முடியும். 2026 செப்டம்பரில் நான்கு நாடுகளில் தொடக்கம், பிறகு உலகெங்கும் என்றது. எஃப்-டிராய்ட் போன்றவர்கள் எதிர்த்தார்கள். அனுபவமுள்ளவர்களுக்கு ஒரு தனி வழி வைப்பதாக நவம்பரில் கூகுள் சொன்னது. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. ‘கல்யாணப் பத்திரிகை’ என்றும் ‘போக்குவரத்து அபராதம்’ என்றும் வாட்ஸப்பில் வந்த பொதியைத் திறந்து வங்கிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் நம் நாட்டில் உண்டு. கதவைத் திறந்து போடு என்று நான் சொல்லவில்லை. பொதியைக் கட்டியவர் யார், சென்ற முறை கட்டிய அதே கைதானா, எந்தக் கடை வழியாக வந்தது என்பதைப் பெரிய எழுத்தில் காட்டட்டும். ஒரே செயலியின் புதுப்பிப்பு முன்பு கையொப்பமிட்ட அதே சாவியால் வந்திருக்கிறதா என்று ஆண்ட்ராய்டு இப்போதே உள்ளுக்குள் சரிபார்க்கிறது. உள்ளுக்குள் பார்ப்பதை வெளியிலும் சொன்னால் என்ன?

கடைசியாக ஒரு சிறு ஆசை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் வாசலில் நானும் என் நண்பனும் அமர்ந்திருந்தோம். என் கைபேசியில் இருந்த அகராதி அவனுக்கும் வேண்டியிருந்தது. இரண்டு கைபேசிகளுக்கும் இடையே ஒரு சாண் தூரம். ஆனால் அவனுடையது அன்றைய டேட்டா தீர்ந்துபோய், வெளிநாட்டுக் கணினியை எட்ட முடியாமல் சுழன்றுகொண்டிருந்தது. இணையம் நத்தையாய் ஊர்ந்த காலத்தில் டெபியன் பொதிகள் குறுந்தகடுகளில் கைமாறின, ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடிய சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு பொதி உண்மையானதா என்பதை அதன் கையொப்பமே காட்டிக் கொடுக்கும்போது, அது எந்த வழியாக வந்தால் என்ன?

இதற்கு நாம் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. எஃப்-டிராய்ட் முறையில் எவரும் சொந்தமாக ஒரு களஞ்சியம் வைத்துக்கொள்ளலாம். அதற்கான மென்பொருள் இலவசம். நம் கணினி அறிவியல் ஆய்வகத்தில் மூலையில் கிடக்கும் பழைய கணினிகளில் ஒன்றே போதும். தமிழ் அகராதி, தமிழ் விசைப்பலகை, குறிப்புகளைத் தொகுக்கும் கட்டற்ற செயலி ஒன்று, அவற்றின் முந்தைய இரண்டு பதிப்புகள், ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற கணக்கு, இவ்வளவையும் வளாகத்துக்குள்ளேயே டேட்டா செலவின்றி எல்லோரும் இறக்கிக்கொள்ளலாம். துறைத் தலைவர் அவர்கள் அந்தக் கணினியையும் வாரம் ஒரு மாலை ஆய்வகச் சாவியையும் தந்து உதவினால், வேலை செய்ய நான்கு பேர் தயாராக இருக்கிறோம். அவர்களுள் இருவர் கணினி மாணவர்கள், ஒருவர் வரலாறு, நான்காமவன் நான்.